டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்ல சேரலாமா? உள்ள இருந்து பார்த்தவனோட ரிவ்யூ

ஆபீஸ்ல ஜூனியர் பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. "அண்ணா, டோஸ்ட்மாஸ்டர்ஸ் சேந்தா இங்கிலீஷ் வருமா, ப்ரொமோஷனுக்கு உதவுமா, அவ்ளோ காசு குடுக்கலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் டீக்கடைல நின்னு தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. நான் சென்னைல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் லீடா இருக்கேன், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ஓஎம்ஆர் பக்கம் ஒரு கிளப்ல ரொம்ப நாளா மெம்பர், கமிட்டிலயும் இருந்திருக்கேன். என் பதில் சேருங்கன்னு தான். ஆனா மேடைப் பேச்சு கத்துக்கலாம்னு நினைச்சு தான் எல்லாரும் வர்றாங்க, நிஜமான லாபம் அதுக்குப் பக்கத்துல வேற ஒரு இடத்துல இருக்கு, அதைக் கவனிக்காதவங்க தான் ரெண்டு மூணு மாசத்துல கழண்டுக்குறாங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. டோஸ்ட்மாஸ்டர்ஸ்ங்கறது மேடைல பேசப் பழகுறதுக்கான ஒரு அமைப்பு, 1924ல அமெரிக்கால கலிபோர்னியா மாநிலத்துல சாண்டா ஆனாங்கற ஊர்ல, ரால்ஃப் ஸ்மெட்லின்னு ஒருத்தர் ஒய்எம்சிஏ கட்டடத்துல ஆரம்பிச்சது. இப்ப சுமார் 150 நாட்டுல கிளப் இருக்கு. இதுல வாத்தியார்னு யாரும் கிடையாது, இது தான் முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது. மெம்பர்ஸே பேசுறாங்க, மெம்பர்ஸே கேட்டு குறை நிறை சொல்றாங்க, மெம்பர்ஸே கூட்டத்தை நடத்துறாங்க. இதுக்கு முன்னாடி நான் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்ல காசு கட்டிப் போயிருக்கேன், அங்க முழு நேரமும் சார் பேசுவாரு நாங்க நோட்ல எழுதுவோம், கோர்ஸ் முடிஞ்சப்ப அவரு தான் நல்லா பேசுனாரு. இங்க அப்படி உக்காந்து இருக்க விட மாட்டாங்க.

ஒரு மீட்டிங் ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் போகும். மூணு பகுதி. முதல்ல தயார் பண்ணிட்டு வந்த ஸ்பீச், அப்புறம் டேபிள் டாபிக்ஸ், அதாவது தலைப்பை அந்த இடத்துல சொல்லுவாங்க, எழுந்து வந்து ஒண்ணுல இருந்து ரெண்டு நிமிஷம் பேசணும். கடைசில எவாலுவேஷன். உங்க முதல் ஸ்பீச்சுக்குப் பேரு ஐஸ் பிரேக்கர், 4ல இருந்து 6 நிமிஷம், உங்களைப் பத்தியே பேசலாம். எதிர்ல டைமர் உக்காந்திருப்பாரு, 4 நிமிஷம் ஆனதும் பச்சை கார்டு காட்டுவாரு, 5க்கு மஞ்சள், 6க்கு சிவப்பு, அதுக்கு மேல ஒரு 30 செகண்ட் தான். இந்த கலர் கார்டு சின்ன விஷயமா தெரியும், ஆனா கிளையன்ட் கால்ல ரெண்டு நிமிஷத்துல சொல்ல வேண்டியதைப் பத்து நிமிஷம் இழுக்குற பழக்கம் எத்தனை சீனியருக்கு இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்கு நான் பார்த்ததுல இது தான் நல்ல மருந்து.

அப்புறம் ஆ கவுண்டர்னு ஒரு ரோல். நீங்க பேசும்போது எத்தனை "ஆ", எத்தனை "உம்", எத்தனை "ஆக்சுவலி", "பேசிக்கலி", "யு நோ" வந்துச்சுன்னு எண்ணி மீட்டிங் முடிவுல எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க. கேக்குறதுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும், ஆனா எல்லாரோட எண்ணிக்கையும் வரும்ங்கறதால யாரும் தப்பா எடுத்துக்குறது இல்ல. அதை விட, ஆ கவுண்டர் ரோலை நீங்களே ஒரு தடவை எடுத்துப் பண்ணுங்க, அடுத்தவங்க பேச்சுல அதை எண்ணி எண்ணியே உங்க காது பழகிடும், அப்புறம் உங்க வாய்ல வர்றப்ப உங்களுக்கே கேக்கும்.

எவாலுவேஷன் தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. உங்க ஸ்பீச்சை இன்னொரு மெம்பர் கவனிச்சு 2ல இருந்து 3 நிமிஷம் வாயாலயே சொல்லுவாங்க, எது நல்லா இருந்துச்சு, எதை மாத்தணும்னு. எனக்கு ஒரு மேடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "ஒவ்வொரு பாயிண்ட் முடிஞ்சதும் தரையைப் பாத்துட்டு தான் அடுத்ததுக்குப் போறீங்க, அந்த இடைவெளில நாங்க உங்களை விட்டு வெளிய போயிடுறோம், அடுத்த தடவை பாயிண்ட் முடியும்போது ஒருத்தர் முகத்தைப் பாத்து முடிங்க." இவ்ளோ தான். எந்த அப்ரைசல்லயும் எனக்கு இப்படி ஒரு உருப்படியான வரி கிடைச்சது இல்ல, அங்க "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்"னு எழுதிட்டுப் போயிடுவாங்க, எதை எப்படின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பாத்வேஸ்னு அவங்க பாடத்திட்டம், அஞ்சு லெவல் இருக்கு. அதுல முதல் லெவல்லயே ஒரு ப்ராஜெக்ட், ஒரு ஸ்பீச் குடுத்து, அதுக்கு வந்த ஃபீட்பேக்கை வச்சு திருத்தி இன்னொரு ஸ்பீச் குடுத்து, அப்புறம் வேற ஒருத்தரோட ஸ்பீச்சை நீங்க எவாலுவேட் பண்ணணும். ஃபீட்பேக் வாங்குறது, செயல்ல காட்டுறது, மத்தவங்களுக்கு மனசு நோகாம குடுக்குறது, மூணும் அதுல வந்துடுது. டீம்ல புதுசா லீட் ஆகுறவங்க இந்த ஒரு ப்ராஜெக்ட்டுக்காகவே சேரலாம்.

இப்ப, நிஜமான லாபம்னு ஆரம்பத்துல நான் சொன்ன அந்த வேற இடம். எங்க கிளப் வாட்ஸ்அப் குரூப்ல வாரா வாரம் ஒரு மெசேஜ் வரும், டைமர், ஆ கவுண்டர், கிராமேரியன் (மொழியைக் கவனிக்கிறவர்), டேபிள் டாபிக்ஸ் மாஸ்டர், ஜெனரல் எவாலுவேட்டர் (மொத்த மீட்டிங்கையும் மதிப்பிடுறவர்)னு ரோல் பேரு வரிசையா, பக்கத்துல எல்லாம் காலி. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. நீங்களே உங்க பேரைப் போடணும். இது தான் அங்க நடக்குற உண்மையான பயிற்சின்னு நான் நினைக்கிறேன். நம்ம ஊர்ல ஸ்கூல்ல இருந்தே "கேட்டா மட்டும் பதில் சொல்லு"ன்னு தானே வளக்குறாங்க, ஆபீஸ்லயும் மேனேஜர் சொன்னா செய்யலாம்னு உக்காந்திருப்போம். இங்க சொல்ல ஆளே இல்ல, காலியா இருக்குறதைப் பாத்து நான் எடுத்துக்குறேன்னு சொல்றது தான் பாடமே.

எங்க டீம்ல ஒரு பொண்ணு, வேலைல ரொம்ப கெட்டி, ஆனா கிளையன்ட் கால்ல வாயைத் திறக்காது. நான் சொல்லி சேந்துச்சு. முதல்ல டைமர் மட்டும் தான் எடுத்துச்சு, கார்டு காட்டிட்டு கடைசில ரிப்போர்ட் வாசிச்சா போதும்னு. அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு டோஸ்ட்மாஸ்டர் ஆஃப் த டே, அதாவது அன்னைக்கு மீட்டிங்கை நடத்துற ரோல், அது சாதாரண வேலை இல்லைங்க, வாரம் முழுக்க எல்லாருக்கும் போன் பண்ணி ஸ்பீச் தலைப்பு வாங்கி, அஜெண்டா போட்டு, முந்தின நாள் ராத்திரி ஒருத்தர் "சாரி, ஊருக்குப் போறேன்"னு சொன்னா மாத்து ஆள் தேடி, மீட்டிங்கை நேரத்துக்கு முடிக்கணும். முன்னாடி ஸ்டேட்டஸ் கால்ல இந்தப் பொண்ணு சொல்றது, "பேமென்ட் பேஜ்ல இஷ்யூ இருக்கு, டெவ் டீம் பாத்துட்டு இருக்காங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" அவ்ளோ தான். இப்ப சொல்றது, "பேமென்ட் பேஜ்ல 3 டிஃபெக்ட் ஓபன்ல இருக்கு, அதுல ஒண்ணு ரிலீஸை நிறுத்தும், ஃபிக்ஸ் இன்னைக்கு சாயங்காலம் வருது, நாளைக்கு மதியத்துக்குள்ள ரீடெஸ்ட் முடிச்சுடுவேன், உங்க கிட்ட இருந்து டெஸ்ட் கார்டு விவரம் வேணும்". இங்கிலீஷ் அப்படி ஒண்ணும் மாறல, கேக்குறவங்களுக்கு என்ன தேவையோ அந்த வரிசைல சொல்லத் தெரிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் கிளையன்ட் இடத்துல இருக்குற ஆன்சைட் லீட் லீவுல போனப்ப டிஃபெக்ட் ட்ரையாஜ் காலை, அதாவது எந்தப் பிழையை முதல்ல சரி பண்ணணும்னு முடிவு பண்ற காலை, யார் நடத்துறதுன்னு பேச்சு வந்துச்சு, நான் பண்றேன்னு முதல்ல சொன்னது அந்தப் பொண்ணு தான். எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்ல.

பொண்ணுங்கன்னதும் ஒரு விஷயம் சொல்லணும். இந்த அமைப்புல 1973 வரைக்கும் பெண்களை சேக்கவே இல்ல. ஹெலன் பிளான்சார்ட்னு ஒரு அம்மா 1970லயே ஹோமர்னு ஆம்பள பேர் குடுத்து மெம்பர் ஆனாங்க, 1985ல அதே அம்மா மொத்த அமைப்புக்கும் முதல் பெண் தலைவர். இப்ப எங்க கிளப்ல நல்லா எவாலுவேட் பண்றவங்கள்ல முக்கால்வாசி பேர் பெண்கள் தான். அதே மாதிரி திக்குவாய் இருக்கு, இது எனக்கு சரி வராதுன்னு ஒதுங்குறவங்க முகமது கஹ்தானியைப் பத்தி தேடிப் பாருங்க, சவூதிக்காரர், சின்ன வயசுல இருந்து திக்குற பிரச்சினை, 2015ல டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டில ஜெயிச்சவர். அதுக்கு முந்தின வருஷம் ஜெயிச்சது இலங்கைல இருந்து தனஞ்சய ஹெட்டியாராச்சி, நம்ம பக்கத்து ஊர்க்காரர்.

காசு விஷயத்துக்கு வருவோம். 2023 அக்டோபர்ல இருந்து ஆறு மாசத்துக்கு 60 டாலர், புதுசா சேர்றவங்களுக்கு ஒரு தடவை மட்டும் 20 டாலர் கூட. 60 டாலர்னா நம்ம காசுல அஞ்சாயிரத்துக்கு மேல போகுது, முன்னாடி 45ஆ இருந்துச்சு. ஹால் வாடகைக்கு கிளப் தனியா கொஞ்சம் வாங்கலாம். காலேஜ் முடிச்சு முதல் சம்பளம் வாங்குற பையனுக்கு இது பெரிய தொகை, இதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, நம்ம ஊர் சம்பளத்துக்கு ஏத்த மாதிரி ஒரு கட்டணம் வச்சா இன்னும் எத்தனையோ பேர் வருவாங்க. கம்பெனிக்குள்ள நடக்குற கிளப்னா முழுசாவோ பாதியோ கம்பெனியே கட்ட வாய்ப்பு இருக்கு, எச்ஆர் கிட்ட கூச்சப்படாம கேளுங்க. கட்டணம் ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் புதுப்பிக்கணும்.

இங்கிலீஷ் அடிப்படையே தெரியாதவங்களுக்கு இது மட்டும் பத்தாது, இங்க யாரும் கிராமர் நடத்த மாட்டாங்க, அதுக்குத் தனியா உழைக்கணும். இன்னொண்ணு, கிளப்புக்கு கிளப் தரம் ரொம்ப மாறும். நான் கெஸ்டா போன ஒரு கிளப்ல எவாலுவேஷன்னா "சூப்பர், அருமை, கலக்கிட்டீங்க" இவ்ளோ தான், பேசுனவருக்கு மாத்திக்க ஒண்ணுமே கிடைக்கல, அந்த மாதிரி இடத்துல வருஷக்கணக்கா இருந்தாலும் வளர மாட்டீங்க. பதக்கம், லெவல், பட்டம்னு அது பின்னாடியே ஓடுறவங்களும் இருக்காங்க, லிங்க்ட்இன்ல போடுறதுக்கு நல்லா இருக்கும், வேலைல மாத்தம் தெரியணுமே.

அதனால சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு கிளப்புக்கு கெஸ்டா போங்க, கெஸ்டுக்கு பொதுவா காசு கிடையாது, அவங்க வெப்சைட்லயே ஊர் போட்டு தேடலாம், தமிழ்ல நடத்துற கிளப்பும் இருக்கு. போனா ஸ்பீச்சை விட எவாலுவேஷனை உன்னிப்பா கவனிங்க, குறையைக் குறையா மரியாதையா சொல்றாங்களான்னு பாருங்க. வாரா வாரம் நடக்குதா, நேரத்துக்கு ஆரம்பிக்குதா, புதுசா வந்தவங்களுக்கு ரோல் கிடைக்குதா இல்ல அதே நாலு பேர் தான் எல்லாத்தையும் பண்றாங்களான்னு பாருங்க. சேந்ததும் உங்களுக்கு வழிகாட்ட மென்டர் ஒருத்தரை கேட்டு வாங்குங்க, அவங்களா குடுப்பாங்கன்னு காத்திருக்காதீங்க. டேபிள் டாபிக்ஸ்ல கெஸ்ட் யாராவது பேசுறீங்களான்னு கேப்பாங்க, அப்ப பின் வரிசைல குனிஞ்சு போனைப் பாக்காம எழுந்து போயிடுங்க, ஒரு நிமிஷம் தான்.