டியூஷனா, ஆலோசகரா, கற்றல் மதிப்பீடா: மதிப்பெண் சரிந்தால் முதலில் யாரிடம் போவது?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் இறங்கிவிட்டால், பெரும்பாலான வீடுகளில் உடனே டியூஷன் தேடுகிறார்கள். பாடம் புரியாமல் இறங்கியிருந்தால் அது சரிதான். ஆனால் தூக்கம் போதாததாலோ, தேர்வு பயத்தாலோ, எழுத்து வேகம் பத்தாததாலோ, கரும்பலகை மங்கலாகத் தெரிவதாலோ இறங்கியிருந்தால், பிள்ளைக்கு மிச்சமிருந்த இரண்டு மணி நேரத்தையும் டியூஷன் தின்றுவிடும். அதன் பிறகு மதிப்பெண் இன்னும் குறையும், வீட்டில் சண்டையும் கூடும். எந்த உதவி சிறந்தது என்பதைவிட, எந்தக் குறைக்கு எந்த உதவி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். கடைசி மூன்று தேர்வுகளின் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் நான்கில் ஒரு கட்டத்தில் போடுங்கள்: புரியாமல் தவறாக எழுதியது, தெரிந்தும் கவனம் பிசகியது, நேரம் போதாமல் விட்டது, வீட்டில் கேட்டால் சொல்லும் விடையைத் தேர்வில் எழுதாமல் விட்டது. இதைப் பிள்ளையே செய்ய வேண்டும். பெற்றோர் செய்தால் எல்லாமே 'கவனம் பிசகியது' கட்டத்தில்தான் போய் விழும்.

முதல் கட்டம் நிறைந்திருந்தால் கற்பிக்கும் உதவி தேவை. இரண்டாவது நிறைந்திருந்தால், வேறெங்கும் போகும் முன் கண் பரிசோதனையும் தூக்கக் கணக்கும். 13 முதல் 18 வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. பருவ வயதில் உடல் கடிகாரமே தள்ளிப்போவதால், சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. விடிகாலை டியூஷன் வைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மூன்றாவது கட்டம் கற்றல் மதிப்பீட்டையும் (வாசிப்பு, எழுத்து, கணக்கில் குறைபாடு உண்டா என்று சோதிப்பது), நான்காவது ஆலோசகரையும் காட்டும். இன்னொன்றும் பாருங்கள். ஒரே பாடத்தில் மெல்ல இறங்கினால் பெரும்பாலும் பாடச் சிக்கல். எல்லாப் பாடத்திலும் திடீரென இறங்கினால் காரணம் அநேகமாகப் பாடப் புத்தகத்துக்கு வெளியே இருக்கும்.

கற்பிக்கும் உதவி: டியூஷன், பள்ளிக் கூடுதல் வகுப்பு, நண்பர் குழு

ஒருவருக்கு ஒருவர் என்ற கற்பித்தலின் பலனை 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் 98 விழுக்காட்டினரை முந்தினார் என்றார். பிற்கால ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் கிடைக்கவில்லை என்றாலும், பலன் உண்டு என்பது நின்றது. அதற்கு நிபந்தனைகளும் உண்டு: வாரம் மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், குழுவில் நான்கு பேருக்கு மிகாமல். நாற்பது பேரை உட்கார வைத்துப் பாடம் எடுப்பதும் டியூஷன் என்றுதான் அழைக்கப்படுகிறது. உண்மையில் அது இரண்டாவது வகுப்பறை. முதல் வகுப்பறையில் புரியாதது அங்கேயும் புரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

பள்ளிக் கூடுதல் வகுப்பில் ஒரு வசதி உண்டு: விடைத்தாளைத் திருத்தியவரே பாடம் எடுப்பார். பிள்ளை எங்கே இடறுகிறது என்று அவருக்குத் தெரியும். குறை என்னவென்றால், புரியாத முறையிலேயே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போகும் அபாயம். 'இந்த நான்கு கணக்குகளில் எந்தப் படியில் நிற்கிறேன் என்று பாருங்கள்' எனப் பிள்ளை குறிப்பிட்டுக் கேட்டால் அதே வகுப்பு மிகவும் பயன்படும்.

மூன்று, நான்கு பேர் கொண்ட நண்பர் குழு, ஓரளவு தெரிந்ததைக் கெட்டிப்படுத்த நல்லது. விளக்கிச் சொல்பவருக்குத்தான் லாபம் அதிகம் என்பதால், முறை வைத்து எல்லோரும் விளக்க வேண்டும். ஆனால் பின்னம், எதிர்ம எண் போன்ற கீழ்வகுப்பு அடித்தளம் ஆடிக்கொண்டிருந்தால் நண்பர்களால் சரிசெய்ய முடியாது. அதற்கு ஆசிரியர்தான் வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், எட்டு வாரம் கழித்து அதே வகைக் கேள்விகளை வைத்துச் சோதியுங்கள். முதல் கட்டம் சுருங்கவில்லை என்றால் டியூஷன் மாஸ்டரை மாற்றுவதற்கு முன், நோயைச் சரியாகக் கண்டோமா என்று யோசிக்க வேண்டும்.

பள்ளி ஆலோசகர், வெளி உளவியலாளர்

பள்ளி ஆலோசகரைப் பார்க்கக் கட்டணம் இல்லை, பயணம் இல்லை. வகுப்புப் பிரிவை மாற்றுவது, தேர்வு அறையை மாற்றுவது, கேலி செய்பவர்களைக் கண்காணிப்பது போன்றவற்றைப் பள்ளிக்குள் நகர்த்த அவரால் முடியும். வெளி உளவியலாளரால் முடியாது. ஆனால் பள்ளி ஆலோசகருக்கு நேரம் இருக்காது. ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அந்த அளவைக்கூடப் பல பள்ளிகள் எட்டுவதில்லை. சில இடங்களில் பாட ஆசிரியர் ஒருவரே ஆலோசகர் பெயரையும் சுமக்கிறார். நேற்றுத் திட்டியவரிடம் இன்று மனம் திறக்க எந்தப் பிள்ளையும் முன்வராது.

உளவியலாளரிடம் பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். பதற்றத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) என்றால் 6 முதல் 20 அமர்வுகள் வரை போகலாம். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பெரும்பாலான இடங்களில் மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. இரண்டு அமர்வு முடிந்ததும் 'ஒன்றும் மாறவில்லை' என்று நிறுத்திவிடுவதும், அமர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் 'என்ன பேசினாய்?' என்று வழியெல்லாம் குடைவதும் சிகிச்சையைக் கெடுத்துவிடும்.

ரகசியம் பற்றி இரண்டு இடத்திலும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: எதை யாரிடம் சொல்வீர்கள், எதைக் கோப்பில் எழுதுவீர்கள்? உயிருக்கு ஆபத்தென்றால் ரகசியம் காக்கப்படாது என்பது பொதுவான விதி. அதைப் பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும். இருவரையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். அப்போது உளவியலாளர் பள்ளிக்குத் தரும் கடிதத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்பது மட்டும் இருந்தால் போதும். கதை முழுவதும் ஆசிரியர் அறைக்குப் போக வேண்டியதில்லை.

எப்போது பள்ளி ஆலோசகர் போதும்? நண்பருடன் பிணக்கு, பாடப்பிரிவுக் குழப்பம், தேர்வுக்கு முந்தைய படபடப்பு. சோர்வோ ஆர்வமின்மையோ பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், சாப்பாடும் தூக்கமும் மாறினாலும், பள்ளிக்குப் போக மறுத்தாலும் வெளி உளவியலாளரிடம் போக வேண்டிய நேரம்.

ஹெல்ப்லைன் இவை இரண்டுக்கும் மாற்று அல்ல, இடைவெளியை அடைப்பது. பெயர் சொல்லாமல் பேசலாம், பல எண்கள் நள்ளிரவிலும் எடுக்கப்படும். ஆனால் அடுத்த முறை எடுப்பவர் வேறொருவராக இருக்கலாம், தொடர்ச்சி இருக்காது. பிள்ளை சாகும் பேச்சைப் பேசினால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். தனியாக விடாமல், வீட்டு மருந்துகளையும் பூச்சிக்கொல்லியையும் பூட்டிவைத்து, அவசரச் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். முன்பதிவு கிடைக்கட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

கற்றல் மதிப்பீடு: பள்ளி வழியா, தனியாகவா

வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் நெடுநாள் தடுமாற்றம் இருந்தால் இது தேவை. பள்ளி வழியாகச் செய்தால் செலவு குறைவு, வரிசை நீளம். தனியாகச் செய்தால் சீக்கிரம் முடியும், ஆனால் கூடுதல் நேரம் போன்ற தேர்வுச் சலுகைகளுக்கு அந்த அறிக்கையைத் தேர்வு நடத்தும் அமைப்பு ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மதிப்பிடுபவரின் தகுதி பட்டியலில் இல்லை, அறிக்கை பழையது என்பதற்காகவே பல விண்ணப்பங்கள் திரும்பிவிடுகின்றன.

முதலில் கண், காது பரிசோதனை. பிறகு இரண்டு, மூன்று அமர்வுகளில் சிந்தனைத் திறன், வாசிப்பு வேகம், எழுத்துக்கூட்டல், கணக்கு, வேலை நினைவு (ஒரு வேலையைச் செய்யும்போதே தகவலை மனதில் பிடித்துவைக்கும் திறன்) ஆகியவற்றைச் சோதிப்பார்கள். பிள்ளை வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்றிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். பழகாத மொழியில் மெதுவாக வாசிப்பதைக் குறைபாடு என்று எழுதிவிடும் தவறு நடக்கிறது. நேர்மாறாக, உண்மையான குறைபாட்டை 'மொழிப் பிரச்சினை' என்று ஒதுக்குவதும் நடக்கிறது.

அறிக்கையில் 'கற்றல் குறைபாடு உள்ளது' என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் பயனில்லை. மதிப்பெண்களும், அவற்றோடு இணைந்த பரிந்துரைகளும் வேண்டும்: வாசிப்பு வேகம் இவ்வளவு, ஆகவே இவ்வளவு கூடுதல் நேரம். சலுகை கிடைத்த பின்னும் பழக வேண்டும். பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவரோடு தேர்வெழுதுவது தனித் திறமை. பொதுத்தேர்வில்தான் முதன்முதலாக அவரைச் சந்திக்கிறோம் என்றால் பிள்ளை திணறிவிடும். குறைந்தது நான்கைந்து மாதிரித் தேர்வாவது அப்படி எழுதிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பதால், பொதுத்தேர்வுக்கு ஓராண்டு முன்பாவது தொடங்கிவிடுங்கள்.

இந்த உதவிகளையெல்லாம் ஒன்று சேர்ப்பது பள்ளியுடனான ஒரு சந்திப்பு. அரை மணி போதும். வகுப்பாசிரியர், ஆலோசகர், பெற்றோர், அவசியம் பிள்ளை. கையில் ஒரே பக்கத்தில் நான்கு கட்டக் கணக்கும், வராத நாட்களின் எண்ணிக்கையும், கேட்க விரும்பும் இரண்டே இரண்டு மாற்றங்களும். பத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டி எதையும் செய்ய மாட்டார்கள். அன்று மாலையே, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ஆறு வாரம் கழித்து அடுத்த சந்திப்புக்கான தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.