எக்ஸ்போவும் டூயல் ரேட்டும்: டிஎக்ஸ்16எஸ்-ஐ நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

ரிமோட் விமானம் ஓட்டும் ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் டிரான்ஸ்மிட்டர் என் கைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதன் திரை, பேட்டரி பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். ஸ்டிக்கை இவ்வளவு அசைத்தால் விமானம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் இங்கே பார்க்கலாம். மேல் இறக்கை வைத்த, நான்கு சேனல் கொண்ட டிரெய்னர் (பழகுவதற்கான) விமானத்தில் நான் வைத்திருக்கும் அமைப்பு இது.

டூயல் ரேட் என்பது, விமானத்தைத் திருப்பும் பலகைகளின் மொத்த அசைவையே ஒரு ஸ்விட்சால் குறைப்பது; முழு அசைவு ஹை ரேட், குறைத்தது லோ ரேட். எக்ஸ்போ அப்படியல்ல, ஸ்டிக்கின் கடைசி எல்லையில் முழு அசைவும் கிடைக்கும், நடுப்பகுதி மட்டும் மென்மையாகும். இதில் ஓடும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் 30% எக்ஸ்போ வைத்தால், பாதி ஸ்டிக்குக்குச் சுமார் 39% அசைவுதான் வரும்.

புதிதாக வருபவர்களிடம் “லோ ரேட்டில் பற, லோ ரேட்டிலேயே இறக்கு” என்று சொல்வது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இறங்கும்போது வேகம் குறைவு. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டர் மேல் போகும் காற்றும் குறைவு. அதே கோணத்துக்குப் பாதி பலன்கூடக் கிடைக்காது. கடைசி நொடியில் மூக்கைத் தூக்கப் பார்த்தால் ஸ்டிக் முடிந்துவிடும், விமானம் தூக்காது. அதனால் நான் முழு ரேட்டில்தான் இறக்குகிறேன், எக்ஸ்போவைக் கூட்டி வைத்துக்கொண்டு. ஆடிக் காற்றில் இது இன்னும் அவசியம்.

ரேட்டை மாற்றினால் கைப்பழக்கம் கெடாதா? கெடாதபடி எண்களை அமைக்கலாம். ஹை ரேட் 100%, எக்ஸ்போ 40. லோ ரேட் 70%, எக்ஸ்போ 15. எக்ஸ்போ எவ்வளவோ அவ்வளவு சதவீதம் நடுப்பகுதியின் வேகம் குறையும். முதலாவதில் அது 100-இல் 60 பங்கு. இரண்டாவதில் 70-இல் 85 சதவீதம், அதாவது 59.5. கிட்டத்தட்ட ஒன்றேதான். ஸ்விட்சைத் தட்டினாலும் நடுவில் விரலுக்கு வித்தியாசமே தெரியாது, ஓரங்கள் மட்டும் மாறும். இரண்டு ரேட்டுக்கும் ஒரே எக்ஸ்போ வைப்பவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம்.

எட்ஜ்டிஎக்ஸில் டூயல் ரேட்டுக்கென்று தனிப் பக்கம் கிடையாது. இன்புட்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு ரேட்டுக்கும் ஒரு வரி போட்டு ஸ்விட்சை இணைக்க வேண்டும். மேலிருந்து பார்த்து, பொருந்தும் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு ஸ்விட்ச் நிலைக்கு வரியே இல்லையென்றால் அந்த ஸ்டிக் செத்துப்போகும்! கடைசி வரியை ஸ்விட்ச் இல்லாமல் விட்டுவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பிற கம்பெனி டிரான்ஸ்மிட்டரிலிருந்து எண்களை அப்படியே நகலெடுப்பவர்கள் கவனிக்க: ஃபுடாபாவில் மென்மையாக்க மைனஸ் எக்ஸ்போ, இதிலும் ஸ்பெக்ட்ரமிலும் ப்ளஸ். குறி மாறினால் நடுப்பகுதி துடுக்காகிவிடும். பறக்கும் முன் ஸ்டிக்கை மெல்ல அசைத்து, பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவைப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம், எல்லாவற்றையும் டிரான்ஸ்மிட்டரிலேயே சரிசெய்யக் கூடாது. ரேட்டை 50-க்கும் கீழே இறக்க வேண்டியிருந்தால் தப்பு லிங்கேஜில், அதாவது சர்வோவையும் பலகையையும் இணைக்கும் கம்பி அமைப்பில் இருக்கிறது. சர்வோ கையில் உள்பக்க ஓட்டைக்கு கம்பியை மாற்றுங்கள். சர்வோவின் முழு அசைவும் பயன்படும், துல்லியமும் கூடும். எலிவேட்டர் மட்டும் துள்ளுகிறதா? வால் பக்கம் எடை கூடியிருக்கலாம். பேட்டரியை முன்னே தள்ளிப் பார்க்காமல் எக்ஸ்போவை ஏற்றுவது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை.

மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையான ரட்டருக்கு நான் ரேட் குறைப்பதே இல்லை. மூக்குச் சக்கரமும் அதே ஸ்டிக்கில் இருப்பதால், ஓடுபாதையில் நெளியாமல் ஓட எக்ஸ்போ மட்டும் 40 வைத்திருக்கிறேன். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு இரண்டுமே கிடையாது.