விற்கிறவர் பின்வாங்கினால்: வீட்டைக் கேட்பதா, அட்வான்ஸைக் கேட்பதா?

மதுரையில் ஒரு பழைய வீட்டுக்கு 42 லட்சம் பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடுவோடு கிரைய ஒப்பந்தமும் பதிவு செய்திருந்தோம். நாலாவது மாதம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "பையன் விற்க வேண்டாம்னு நிக்கிறான் தம்பி. அட்வான்ஸை வாங்கிக்கோங்க." வட்டியைப் பற்றியோ எங்கள் செலவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. பேசியபடி எழுதிக் கொடுக்கச் சொல்லி 'ஏற்றதை ஆற்றும்' வழக்குப் போடலாம். இல்லை, பணத்தை நஷ்ட ஈட்டோடு திரும்பக் கேட்கலாம். நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம்.

வீட்டைக் கேட்கும் வழக்குக்கு இப்போது பலம் கூடியிருக்கிறது. இந்த வழக்குகளுக்கான சட்டத்தில் (Specific Relief Act) 2018 அக்டோபரில் திருத்தம் அமலான பிறகு, தீர்ப்புத் தருவது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்ற நிலை போய்விட்டது. கெடு தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கிரையத் தொகையில் 3 சதவீதம், எங்களுக்கு 1.26 லட்சம். 5 லட்சத்தை மட்டும் கேட்டால் 15 ஆயிரம்.

ஆனால் எங்களைத் திருப்பியது கட்டணம் இல்லை. வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "பாக்கி 37 லட்சம் எங்கே சார் இருக்கு?" கையில் 9 லட்சம், மீதி வங்கிக் கடன். வாங்குகிறவர் ஒப்பந்த நாள் முதல் தீர்ப்பு வரை பணத்தோடு தயாராக இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம், பிரிவு 16(சி). நீதிமன்றம் கட்டச் சொன்னாலொழியப் பணத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை, ஆனால் புரட்டும் வசதியைக் காட்டியாக வேண்டும். கடன் அனுமதிக் கடிதத்துக்கோ சில மாதம்தான் ஆயுள். வழக்கு நடக்கிற சொத்துக்கு எந்த வங்கி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்? முழுப் பணமும் வைப்புநிதியில் இருக்கிறவர்கள் துணிந்து இறங்கலாம் என்பேன். நான் அந்த வழக்கை நடத்தியவன் இல்லை, வக்கீல் விளக்கியதை வைத்துத்தான் சொல்கிறேன். இறங்கினால், மாற்றுப் பரிகாரமாக அட்வான்ஸையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். பிரிவு 22 அதற்குத்தான்.

பணத்தைக் கேட்கும் வழியிலும் நம் கை தாழ்ந்ததில்லை. தவறு நம் பக்கம் இல்லாதவரை, கொடுத்த அட்வான்ஸுக்கு அந்தச் சொத்தே பொறுப்பு என்கிறது சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. 'இரு மடங்கு திருப்பித் தருவேன்' என்று எழுதியிருந்தால் அது அப்படியே கிடைத்துவிடாது. அதை உச்சவரம்பாக வைத்து நியாயமான தொகையைத்தான் நீதிமன்றம் தரும்.

எங்களுக்குக் கைகொடுத்தது பதிவு. வில்லங்கச் சான்றைப் போட்டால் எங்கள் ஒப்பந்தம் நிற்கும். அதைப் பார்த்த பிறகு அடுத்து வாங்க வருகிறவரோ, அவருக்குக் கடன் கொடுக்கிற வங்கியோ எங்கள் கையெழுத்து இல்லாமல் நகர மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இந்த ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாததையும் ஏற்றதை ஆற்றும் வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது வில்லங்கச் சான்றில் ஏறாதே!

வக்கீல் நோட்டீஸ் போய் மூன்றாவது வாரம் வீட்டுக்காரரும் மகனும் வந்து பேசினார்கள். கடைசியில் 6.4 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் டிடி என் மனைவியின் கைக்கு வந்தது. அவள் பெயரையும் தொகையையும் இரண்டு முறை படித்துத் தலையாட்டிய பிறகே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.