நாக்கை அறுத்த கதையும் குரலை அடகு வைத்த படமும்

2023 மே மாதம் திரைக்கு வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தை, அதன் மூலக்கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்மையில் வீட்டில் பார்த்தேன். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதை அது. டிஸ்னி நிறுவனம் 1989-இல் அதைக் கார்ட்டூன் படமாக்கியது. ராப் மார்ஷல் இயக்கியுள்ள இந்தப் படமோ அந்தக் கார்ட்டூனை நடிகர்களை வைத்து மீண்டும் எடுத்தது. ஆகவே பாட்டியின் சாயல் பேத்தியின் முகத்தில் அங்கங்கே தென்படுவதுபோலத்தான் ஆண்டர்சன் இதில் தென்படுகிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடற்கன்னி ஏரியலாக நடித்துள்ள ஹேலி பெய்லியின் குரல் அபாரமானது. குரலை இழப்பவளைப் பற்றிய கதையில் அந்தக் குரல் இழக்கத் தகுந்ததாக இருந்தால்தான் நமக்கு வலிக்கும்; இங்கே வலிக்கிறது. ஆனால் கடலடிக் காட்சிகள் பல இடங்களில் இருண்டு கிடக்கின்றன. அசல் நண்டைப் போலவே வரையப்பட்ட, ஏரியலின் துணையான நண்டின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. 83 நிமிடத்தில் கார்ட்டூன் சொல்லி முடித்ததை 135 நிமிடத்துக்கு இழுத்திருப்பது நடுவில் நன்றாகவே தெரிகிறது.

மூலக்கதைக்கும் படத்துக்கும் உள்ள பெரிய இடைவெளி முடிவில்தான் இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது சூனியக்காரியின் குகையிலேயே தொடங்குவதாகத் தோன்றுகிறது. படத்தில் சூனியக்காரி அர்சுலா ஏரியலின் குரலை ஒரு சங்குக்குள் அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். சங்கு உடைந்தால் குரல் திரும்பிவிடும். அதாவது அது அடகு வைத்த நகை. ஆண்டர்சனின் கதையில் சூனியக்காரி கடற்கன்னியின் நாக்கையே அறுத்து எடுத்துக்கொள்கிறாள். அதை மீட்பதற்கு வழியே இல்லை. அதற்குப் பதிலாகக் கிடைக்கும் கால்களும் இலவசமல்ல. எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் கூரிய கத்திகளின் மேல் நடப்பதுபோல் இருக்கும் என்று அவள் முன்கூட்டியே எச்சரிக்கிறாள், இது உன் முட்டாள்தனம் என்றும் சொல்கிறாள். அவள் வில்லியல்ல, விலையை மறைக்காத வியாபாரி. படத்துக்குக் கடைசியில் ஒரு சண்டை வேண்டியிருக்கிறது. அதனால் அவள் அரியணைக்கு ஆசைப்படும் அத்தையாக மாறிவிடுகிறாள்.

விலை மாறினால் வாங்கும் பொருளும் மாறும் அல்லவா? மூலக்கதையில் கடல்வாழ் மக்கள் 300 ஆண்டுகள் வாழ்ந்து, பின்பு நுரையாகிக் கரைந்துபோவார்கள். அவர்களுக்கு ஆன்மா கிடையாது. மனிதன் ஒருவன் தன் பெற்றோரைவிட மேலாக நேசித்து மணந்துகொண்டால் அவனுடைய ஆன்மாவில் பங்கு கிடைக்கும் என்று பாட்டி சொல்லக் கேட்டுத்தான் கடைக்குட்டி இளவரசி கரையேறத் துணிகிறாள். இளவரசன் மீதான காதலும் சாவைக் கடக்கும் ஆசையும் அவளுக்குள் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. படம் ஆன்மாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித உலகத்தைப் பற்றிய ஆர்வத்தை வைக்கிறது. அதுவாவது முழுமையாக நின்றிருக்கலாம். இந்த 2023 படத்திலோ, மூன்று நாளுக்குள் இளவரசனிடம் முத்தம் பெறவேண்டும் என்ற நிபந்தனையையே ஏரியல் மறந்துபோகும்படி அர்சுலா மந்திரம் போட்டுவிடுகிறாள். கெடு இருப்பதே நினைவில் இல்லாதவளுக்குக் கெடு என்ன பதைப்பைத் தரும்?

மூலக்கதையில் என்னால் கடக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. கடலில் மூழ்கவிருந்த தன்னை மீட்டவள் இவள்தான் என்று அறியாத இளவரசன், வாய் பேசாத அவளைத் தன் அறைவாசலில் வெல்வெட் மெத்தை போட்டு உறங்க வைக்கிறான். எல்லோரும் தூங்கிய பிறகு அவள் அரண்மனையின் பளிங்குப் படிகளில் இறங்கிப்போய், எரியும் பாதங்களைக் குளிர்ந்த கடல்நீரில் நனைத்தபடி நிற்கிறாள். அந்த நீருக்கு அடியில்தான் அவளுடைய வீடு இருக்கிறது. இத்தனை கோடி செலவழித்த படத்தில் இதற்கு ஈடான ஒரு கணம் இல்லை. அக்காள்மார்களுக்கும் அநியாயம்தான். கதையில் அவர்கள் தங்கள் நீண்ட கூந்தலைச் சூனியக்காரிக்குக் கொடுத்து, தங்கையைக் காப்பாற்ற, இளவரசனைக் குத்துவதற்கான கத்தியை வாங்கி வருகிறார்கள். படத்தில் அழகாக நீந்திப் போகிறார்கள்.

அதற்காக ஆண்டர்சன் எழுதியதெல்லாம் பொன் என்று நான் சொல்லமாட்டேன். இளவரசனைக் குத்த மனமின்றிக் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டு அவள் நுரையாகும் இடத்தில் கதை நின்றிருக்கலாம். அவர் அவளைக் காற்றின் மகள்களோடு சேர்த்துவைத்து, நல்ல பிள்ளைகளைக் கண்டால் ஆன்மாவுக்கான அவளுடைய காத்திருப்பு குறையும், பொல்லாத பிள்ளைகளைக் கண்டால் கூடும் என்று வாத்தியார் குரலில் முடிக்கிறார். கார்ட்டூனில் இளவரசன் செய்த வேலையை, கப்பலைத் திருப்பி அர்சுலாவைக் கொல்வதை, இந்தப் படம் ஏரியலிடமே ஒப்படைத்திருப்பது அதைவிட மேல்.

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் படத்தைத் தாராளமாகக் காட்டலாம். ஒன்பது வயதான என் அக்காள் மகளுக்குப் படம் முடிந்த மறுநாள் கதையை வாசித்துக் காட்டினேன். நாக்கை அறுக்கும் இடத்தில் அவள் முகம் சுளிக்கவில்லை. நான்கு பக்கம் கழித்து, “சித்தி, அவளுக்குக் குரல் எப்போது திரும்பி வரும்?” என்று கேட்டாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.