350 கொமாண்டோ: சூட்டில் எடுக்காத வண்டியோடு சில வருடங்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பிக்கு அவர் தாத்தாவின் பழைய செவ்ரோலெட் கொமாண்டோ கார் கைக்கு வந்திருக்கிறது. 4.1 லிட்டர், ஆறு சிலிண்டர், துரு அதிகம் ஏறாத உடம்பு. “அண்ணா, உங்க வண்டி மாதிரி நானும் 350 வி8 போட்டுடலாமா?” என்று கேட்டார். 350 கன அங்குல, எட்டு சிலிண்டர் எஞ்சினைத்தான் சொல்கிறார். எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பதெல்லாம் அவருக்கே அத்துப்படி. அதனால் யாரும் கேட்காத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்: சூடான எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வது.

நம் தென்னாப்பிரிக்காவில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள முடியாது. பம்பில் இருப்பவர் வந்து, பெட்ரோல் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, காசு வாங்கிக்கொண்டு அனுப்புவார். அந்தக் கொஞ்ச நேரம்தான் வில்லங்கம். எஞ்சின் நின்றதும் ஃபேன் காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. சூடு முழுக்க பானெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் இப்படித்தான் நின்றது. பின்சீட்டில் அம்மா தேங்காய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். லட்சக்கணக்கான ராண்ட் கொட்டிய வண்டி இது. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பலரும் “கார்ப்பரேட்டரில் பெட்ரோல் கொதிக்குது” என்பார்கள். அது வேறு வியாதி. அதில் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. இதில் சுற்றவே சுற்றாது. இந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் மோட்டார் வலது பக்க அடியில் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால் அங்கே வலது பக்கம் காலி. நமக்கோ ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். ஸ்டீயரிங் பாக்ஸ், எக்ஸாஸ்ட் புகை போகும் ஹெடர் குழாய்கள், ஸ்டார்ட்டர் மூன்றும் அந்த ஒரே சந்துக்குள் நெரிகின்றன. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் மின்காந்த ஸ்விட்சான சோலினாய்டு ஸ்டார்ட்டரின் தலைமேலேயே உட்கார்ந்திருப்பதால் ஹெடரின் அனல் நேராக அதன் மேல் விழும். அதற்குள் இருக்கும் செம்புக் கம்பி 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் ஏறிவிடும். அப்புறம் அது எங்கே இழுக்கும்?

கொமாண்டோவின் உடம்பு ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் ஹெச்க்யூ காருடையது. அங்கே இதே உடம்பில் தொழிற்சாலையிலேயே 350 எஞ்சின் போட்டு விற்றார்கள். அதில் ஹெடருக்குப் பதில் இருந்தது வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கூடுதல் குதிரைசக்தி என்று நாம் குழாய் ஹெடர் மாட்டும்போதுதான் அனல் ஸ்டார்ட்டரை நெருங்கி வருகிறது.

முதலில் ஹெடரைச் சுற்றி வெப்பத்துணி சுற்றினேன். வறண்ட ஊருக்கு அது சரி. டர்பனின் கடல் காற்றில் துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் குழாய் செதில் செதிலாகத் துருவேறி உதிர்ந்தது. அடுத்து, எடை சமநிலைக்காகப் பேட்டரியை டிக்கிக்கு மாற்றித் தந்த கடைக்காரர் எர்த் கம்பியைப் பெயிண்டுக்கு மேலேயே முறுக்கியிருந்தார். அதையும் நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, ஸ்டார்ட்டரில் 8 கூட வரவில்லை. இதைச் செய்துவிட்டு முழுக் கூலி வாங்கியிருக்கிறார். பெயிண்டைச் சுரண்டி, தடித்த கேபிளை எஞ்சின் பிளாக்குக்கே நேராக இழுத்த பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதியைத் தீர்த்தது கியர் வைத்த சின்ன ஸ்டார்ட்டர். அதை வரவழைத்ததே ஒரு கூத்து. ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றும் பல்சக்கரமான ஃப்ளைவீலில் 153 பல், 168 பல் என்று இரண்டு வகை உண்டு. சின்னதற்கு ஸ்டார்ட்டர் போல்ட் இரண்டும் நேர்வரிசையில் இருக்கும், பெரியதற்குச் சாய்வாக. என்னுடையது 168. வந்ததோ நேர்வரிசை. திருப்பி அனுப்பி, மறுபடி காத்திருந்து, சரியானது வந்தபின் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பல்லுக்கும் ஃப்ளைவீல் பல்லுக்கும் நடுவே காகிதக் கிளிப்பின் கம்பியை விட்டுப் பார்த்தேன். அது கொஞ்சம் உரசியபடி நுழைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஸ்டார்ட்டருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மெல்லிய தகடு வைக்க வேண்டும். ஒரு தகடு வைத்ததும் சரியாக நுழைந்தது. பழைய ஸ்டார்ட்டரில் ஏறக்குறைய பாதி எடைதான் இது. சாவியைத் திருப்பினால் கூர்மையாக, விறுவிறுவென்று ஒரு சத்தம். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அதுதான்.

மற்றபடி வண்டியைக் குறை சொல்ல மனம் வராது. ஐந்து கியர் பாக்ஸ் போட்டபின் என்3 நெடுஞ்சாலையில் 120-இல் பேசிக்கொண்டே போகலாம். ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது கியர் குறைக்கத் தேவையே இல்லை. அந்த இழுவையை ஒரு தடவை அனுபவித்தால் விட முடியாது.

ஆனாலும் தம்பிக்கு என் பதில்: போடாதே. பிப்ரவரி வெயிலில் ட்ராஃபிக்கில் மாட்டி அணைத்தால், இன்றும் ஸ்டார்ட்டர் ஒரு கணம் தயங்கித்தான் சுற்றுகிறது. தாத்தாவின் ஆறு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் இடது பக்கம், ஸ்டார்ட்டர் வலது பக்கம். ஒன்றின் சூடு மற்றதைத் தொடாது. எந்தப் பம்பிலும் பயமில்லாமல் அணைக்கலாம்.

கேட்க மாட்டேன், போட்டே தீருவேன் என்றால் எஞ்சின் வாங்கும் முன் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைத் தேடிப் பிடித்துவிடு. ஃப்ளைவீல் பல்லை எண்ணாமல் ஸ்டார்ட்டருக்குப் பணம் கட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வா, ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிடலாம்.