வாளியில் ஏறிய வைரம்

நேற்று இரவு அத்தை மகன் தொலைபேசியில் கேட்டான்: "அத்தான், ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் வாங்கலாமா?" குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி நடத்துகிற கணினி விளையாட்டு அது.

கேட்ட நேரம் சரியில்லை. அரைமணி நேரத்துக்கு முன்புதான் என் கோட்டையில் இருந்த ஒரே வைரத்தை, பட்டை தீட்டி இரண்டு ஆண்டுகளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, கல் பதிக்கிற குள்ளர் ஒரு மரவாளியில் பதித்துவிட்டிருந்தார். பிரபுவின் அரியணைக்கென்று வைத்திருந்த கல் அது. வாளி பட்டறை வாசலில் சும்மா கிடந்தது. அவ்வளவுதான் காரணம்.

2006 முதல் இலவசமாகக் கிடைக்கிற இந்த விளையாட்டு 2022 டிசம்பரில் படங்களோடு விலைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆடுகிறேன். மற்ற எதைப் பற்றியும் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அலங்கார வேலை ஒன்றுதான் என் நிம்மதியைக் கெடுக்கிறது, அதே வேலைதான் என்னை இந்த விளையாட்டை விடவும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

நகைப் பட்டறையில் கல் பதிக்கலாம். கொல்லன் உலையில் உலோகக் குமிழ் பதிக்கலாம். எலும்பிலும் சிப்பியிலும் வேலைப்பாடு செய்யலாம், துணியிலும் தோலிலும் படம் தைக்கலாம். ஒவ்வொரு அலங்காரத்துக்கும் பொருளின் மதிப்பைச் சாராத தனி மதிப்பு உண்டு: 10-ஐ அந்தப் பதிப்புப் பொருளின் மதிப்பாலும் வேலைத் தரத்தாலும் பெருக்க வேண்டும். தங்கத்தின் மதிப்பு 30, தலைசிறந்த வேலைக்கு 12 மடங்கு. ஆக, தங்கக் குமிழ் பதித்த ஒரு தலைசிறந்த வேலை மட்டும் 3600 பெறும். அது அரியணையில் ஏறினாலும் 3600தான், ஓட்டை வாளியில் ஏறினாலும் 3600தான். என் வாளி இப்போது பட்டியலில் ☼«-மரவாளி-»☼ என்று நிற்கிறது. உள்ளே இருக்கும் சிறு கோடு வாளியின் தரம், சுமாருக்குக் கொஞ்சம் மேல். வெளியே இருக்கும் சூரியன் கல் பதித்தவரின் தரம், அதற்கு மேல் கிடையாது. அந்தச் சூரியனைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

நெல்லை டவுனில் ரத வீதிப் பாத்திரக் கடையில் சீர்வரிசைக்கு எவர்சில்வர் வாங்கினால், பெயர் வெட்டுகிறவர் வாயைத் திறந்ததும் கேட்பது "எந்தெந்தப் பாத்திரத்தில்?" என்றுதான். பெயரும் தேதியும் அப்புறம். குடத்தின் கழுத்தில் வெட்டுவதா, தட்டின் விளிம்பிலா, கரண்டிக்கு வேண்டாமா என்று எல்லாம் பேசி முடித்துத்தான் கருவியைக் கையில் எடுப்பார். இந்த ஒரு கேள்வியை விளையாட்டுக் குள்ளர் கேட்பதே இல்லை. "அறைகலனில் இந்தக் கல்லைப் பதி" என்று சொல்லலாம். எந்த அறைகலன் என்று விரல் நீட்ட முடியாது. அரியணையும் அறைகலன், சவப்பெட்டியும் அறைகலன், வாளியும் அறைகலன். அருகில் கிடப்பதை அவர் எடுத்துக்கொள்வார். அதிலும், அறையில் ஏற்கனவே நிறுவிய அரியணை கணக்கிலேயே வராது. கழற்றி எடுத்தால்தான் அது அவர் கண்ணில் படும்.

வழி இல்லாமல் இல்லை. அரியணைகளை மட்டும் ஏற்கும் சின்னக் கிட்டங்கி ஒன்று, அந்தக் கல்லுக்கு மட்டும் இன்னொன்று. இரண்டையும் பட்டறையோடு இணைத்துவிட்டால் அவர் வேறெங்கும் கை வைக்க மாட்டார். இப்படித்தான் பல ஆண்டுகள் ஒழுங்காக நடத்தினேன். போன வாரம் பட்டறையை இரண்டு தளம் கீழே மாற்றிக் கட்டியபோது இணைப்பைத் திரும்பக் கொடுக்க மறந்துவிட்டேன். என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாற்காலியில் ஒரு கல் பதிக்க இரண்டு கிட்டங்கி கட்டச் சொல்வது என்ன நியாயம்?

இதே விளையாட்டில்தான் அந்தத் தோல் பையும் இருக்கிறது. கோட்டையின் இரண்டாம் ஆண்டில் இரட்டைத்தலை அரக்கன் ஒருவன் வாசலில் வந்து என் முதல் மருத்துவரைக் கொன்றான். கதவை அடைக்க நான் தாமதித்ததால் நடந்த சாவு அது. ஐந்து ஆண்டு கழித்து, என்ன படம் என்று நான் சொல்லாமலே, தோல் பட்டறையில் ஒருவர் சாதாரணப் பை ஒன்றில் ஒரு படம் தைத்தார். திறந்து படித்தேன். ஒரு குள்ளரும் ஒரு அரக்கனும், அரக்கன் குள்ளரை வெட்டி வீழ்த்துகிறான். கீழே அவர் பெயர், கொன்றவன் பெயர், கோட்டையின் பெயர், எந்தப் பருவம், எந்த ஆண்டு, எல்லாம் இருந்தன. நான் மறந்தேவிட்டிருந்தேன். தைத்தவர் மறக்கவில்லை. பெரும்பாலும் மாடும் காளானும்தான் படமாக வரும், அதனால்தான் அன்று அப்படி அதிர்ந்துபோனேன். அந்தப் பையில் இப்போது விதை இருக்கிறது. விலைக்குக் கொடுக்க மாட்டேன்.

பத்தமடைக் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பொருளில் பெயர் ஏறினால் அது வெறும் பொருள் இல்லை என்பதை இந்த விளையாட்டைச் செய்தவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அறிந்தவர்கள் "எந்தப் பாத்திரத்தில்?" என்று கேட்காமல் விட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

"இலையுதிர் காலத்தில் வணிகச் சாத்து வருமே, வாளியை விற்றுவிடுங்கள், நல்ல விலை வரும்" என்றான் அத்தை மகன். விஷயம் தெரிந்த பையன். விற்கவில்லை. பிரபுவின் அறையில் ஒரு பீடம் கட்டி வாளியை அதன்மேல் வைத்தேன். காட்சிக்கு வைத்த பொருளின் மதிப்பும் அறைக்குச் சேரும். அவர் கேட்ட தரத்தை அறை ஒரே நாளில் எட்டிவிட்டது. அரியணை இன்னும் வெறும் கல்லாகவே இருக்கிறது.

அவனுக்குச் சொன்ன பதிலில் மாற்றமில்லை. படங்களுக்காகக் காசு கொடுத்து வாங்காதே, இலவசப் பதிப்பையே ஆடு என்றுதான் சொன்னேன்.