அறுவைக்குப் பின் பத்து வாரங்கள்: நாய்களுக்கான இயன்முறை சிகிச்சை மையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

எங்கள் வீட்டு லாப்ரடார் செல்லிக்கு ஏழு வயது, 32 கிலோ எடை. சென்ற ஐப்பசி மழையில் மாடிப்படியில் வழுக்கியபோது, அவளுடைய வலது பின்னங்கால் முழங்காலில், எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமெண்ட் அறுந்தது. வழுக்கியது கடைசிக் காரணம் மட்டுமே என்றும், நாய்களுக்கு இந்த லிகமெண்ட் பெரும்பாலும் மாதக்கணக்கில் நைந்து வந்து ஒரு நாள் சிறு திருப்பத்தில் அறுந்துபோகிறது என்றும் அறுவை செய்த மருத்துவர் விளக்கினார். நாயின் கெண்டைக்கால் எலும்பின் மேற்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருப்பதால், லிகமெண்ட் இல்லாத காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்குகிறது. எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்துத் திருப்பி, சரிவைக் குறைத்து, தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்துவதே செல்லிக்குச் செய்யப்பட்ட டிபிஎல்ஓ அறுவை.

அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் வலி நின்ற பிறகும் அவள் மூன்று கால்களிலேயே நடந்தாள். வலது தொடை கண்முன்னே மெலிந்தது. ஒரு காலில் லிகமெண்ட் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மறுகாலிலும் அறுகிறது என்பதால், நல்ல காலின் மேல் முழுப் பாரத்தையும் போட்டு அவளை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் சென்னையில் உள்ள இந்த மையத்துக்குச் சென்றோம்.

விளம்பரங்களில் தண்ணீர் ட்ரெட்மில்லைப் பார்த்துவிட்டு, முதல் நாளே அதில் ஏற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். தையல் பிரித்துக் காயம் முழுவதும் ஆறாமல் தண்ணீரில் இறக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பே எனக்கு நம்பிக்கை தந்தது. மாறாக, செல்லியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இரு தொடைகளையும் டேப்பால் அளந்தார்கள்: இடது 42 சென்டிமீட்டர், வலது 37. பிறகு வீட்டுத் தரை என்ன, படிகள் எத்தனை, அவள் எங்கே படுக்கிறாள், ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு என்றெல்லாம் கேட்டார்கள். டைல்ஸ் தரையில் அவள் நடக்கும் வழி நெடுக ரப்பர் விரிப்புப் போடச் சொன்னதும், சோற்றைக் குறைத்து இரண்டு கிலோவாவது இறக்கச் சொன்னதும் அந்த முதல் நாளில்தான்.

மூன்றாவது வாரத்தில் ட்ரெட்மில் தொடங்கியது. கண்ணாடித் தொட்டிக்குள் நாயை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரைக் கீழிருந்து ஏற்றி, பட்டையை மிக மெதுவாக ஓடவிடுகிறார்கள். நீர் முழங்கால் மட்டத்தில் இருந்தால் நாய் தன் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டையும், இடுப்பு மட்டத்துக்கு ஏறினால் 38 விழுக்காட்டை மட்டுமே கால்களில் தாங்குகிறது. தரையில் ஊன்ற அஞ்சிய வலது பாதத்தை இடுப்பளவு நீரில் செல்லி முதன்முறையாக முழுவதும் பதித்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நான்கு நிமிடத்தில் தொடங்கி, இடையிடையே ஓய்வு கொடுத்து, எட்டாம் வாரத்தில் பதினெட்டு நிமிடம் வரை கொண்டுசென்றார்கள். நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள்.

இருந்தாலும், கொடுத்த பணத்துக்கு நான் பெற்ற பெரும்பயன் தொட்டிக்கு வெளியேதான் இருந்தது. வாரம் இரண்டு அமர்வுகளால் மட்டும் தசை வளராது. எஞ்சிய ஐந்து நாள்களும் வேலை எங்கள் கையில்தான். மூட்டை மடக்கி நீட்டுவது, பின்னங்கால்கள் இரண்டும் சமமாக மடங்கும்படி உட்காரவைத்து எழுப்புவது, தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டி நடத்துவது ஆகியவற்றை என் கையைப் பிடித்தே கற்றுக்கொடுத்தார் அங்குள்ள இளம் மருத்துவர். செல்லி வலது காலை ஊன்றட்டும் என்று நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோது, “தொட்டால் தூக்கிக்கொள்வாள், அம்மா. இடுப்பை மெல்ல வலது பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், தானாக ஊன்றுவாள்” என்றார். அந்த ஒரு பயிற்சியை நாளுக்கு மூன்று வேளை செய்தோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறாவது வாரத்தில் வேறொருவர் தொடையை அளந்ததில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்துவிட்டதாகக் குறித்தார்கள். நாங்கள் இரண்டு நாள் தூக்கமின்றிக் கிடந்த பிறகு, அளந்த இடம் மாறியதுதான் காரணம் என்று தெரிந்தது. ஒருவரே, ஒரே இடத்தில் அளப்பதை அவர்கள் விதியாக்க வேண்டும். தொடக்க அமர்வுகளில் காதுகளைச் சரியாக உலர்த்தாமல் அனுப்பியதால் செல்லிக்குக் காதில் தொற்று வந்து, ஒரு வாரம் தண்ணீர்ப் பயிற்சி நின்றது. தொங்கும் காதுள்ள நாயை வளர்ப்பவர்கள் இதை நேரில் நின்று கவனித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. பகலில் செல்லியைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்காக நானே தமிழில் எழுதி ஒட்டினேன்.

ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய். பதினான்கு அமர்வுகளுக்கு 21,000 ஆயிற்று. இது சிறிய தொகை அன்று. அவ்வளவு முடியாதவர்கள் முதல் மதிப்பீட்டுக்கும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியைத் திருத்திக்கொள்ளவும் மட்டுமாவது செல்லலாம். மையமே அதற்கு உடன்படுகிறது. லேசர் சிகிச்சையைக் கூடுதல் கட்டணத்தில் பரிந்துரைத்தார்கள். எங்கள் மருத்துவர் அவசியமில்லை என்றதால் மறுத்தோம், அதன் பிறகு யாரும் வற்புறுத்தவில்லை.

எட்டாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. பத்தாம் வாரத்தில் வலது தொடை 40.5 சென்டிமீட்டர். இப்போது மாதம் ஒருமுறை அளவெடுக்க மட்டும் போகிறோம். கடந்த முறை இரு தொடைகளுக்கும் இருந்த வித்தியாசம் அரை சென்டிமீட்டர்.